மூடிக்கு வைத்த பெயர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஆய்வகத்தில் எல்லார் காதிலும் விழும்படி அந்தப் பெயரைச் சொல்கிறேன். ஆனால் அப்போது நான் சொல்வது அவரை அல்ல. அந்த விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு அவர் சார்.

சாருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். அது ஒரு வியாதி. வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஜோசியர்'. மாதிரிகளை உறையவைக்கும் பெரிய பெட்டி 'காஷ்மீர்'. எங்கள் தலைமை டாக்டர் மேடம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். உடனே சார் கதவோரமாக வந்து, "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சும்மா" என்று துறைமுகத்துப் புயல் எச்சரிக்கையை எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். என்னையும் விடவில்லை. நான் 'ரிசல்ட்டு'. வாயில் நுழையாத பெயரா எனக்கு? பொடிப்பொடியாக மூன்றே எழுத்து. இருந்தும் அவர் அங்கே இருந்த காலம் முழுக்க "ஏம்மா ரிசல்ட்டு" தான்.

எங்கள் வேலையைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பீர்கள். பரவாயில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தெருக்களின் கழிவுநீர் ஒன்றுசேரும் இடங்களில் வாரம் ஒருமுறை ஒரு பாட்டில் எடுத்துவந்து, அதில் என்னென்ன வைரஸ் இருக்கிறது, போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். கொரோனா ஓய்ந்த பிறகு தொடங்கிய திட்டம். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் கஷாயம் குடிப்பார், பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை போடுவார், அதற்கும் அடங்காவிட்டால்தான் டாக்டர். அதற்குள் அவர் வீட்டுக் கழிப்பறை எங்களுக்குச் செய்தி அனுப்பிவிடும். யார் வீடு என்று தெரியாது. எந்த வட்டாரம் என்று மட்டும் தெரியும். அது போதும், சுகாதாரத் துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். "டாக்டர்கிட்ட பொய் சொல்லலாம்மா, சாக்கடைகிட்ட சொல்ல முடியாது" என்பார் சார். பாட்டில்களை எடுத்துவருவது அவர் பொறுப்பு. வடிகட்டி, சுழற்றி, ஜோசியரிடம் கொடுத்துப் பலன் கேட்பது என் பொறுப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டிலில் மனிதக் கழிவு எவ்வளவு, மழைத் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, மிளகாய்ச் செடிக்கு வருகிற ஒரு வைரஸை எண்ணிப் பார்ப்போம். அது மனிதர்களை ஒன்றும் செய்யாது. சாப்பிட்ட மிளகாயோடு உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும். சார் அதற்கு வைத்த பெயர் 'ஊறுகாய்'.

"ஊறுகாய் எப்படிம்மா?"

"நிறைய இருக்கு சார்."

"பின்னே? மெட்ராஸ்னா சும்மாவா!"

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அடையாறில் கடற்கரைக்குப் பக்கமாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டார். நெற்றியில் விபூதி, முழங்கைவரை மஞ்சள் ரப்பர் கையுறை, தோளில் ஒரு ஜவுளிக்கடைப் பை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வேலைக்காரர்கள் வரும் பின்வாசல் வழியாகத்தான் அனுமதி. குளித்த பிறகுதான் காபி. "எங்காத்துல என்னை கார்ப்பரேஷன் லாரி மாதிரிதாம்மா நடத்தறா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. குடிநீர் வாரியத்து ஊழியர்கள் இரும்புக் கொக்கியால் பாதாளச் சாக்கடை மூடியை நகர்த்துவார்கள். சார் கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி மொள்ளுவார். ஊழியர்களில் யாராவது எட்டிப் பார்க்கக் குனிந்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம்: "தலை உள்ளே போகப்படாது! கயிறு போறும்!" அத்தனை அமைதியான மனிதரிடமிருந்து அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கும்.

ஒவ்வொரு மூடிக்கும் ஒரு அதிகாரபூர்வமான எண் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து ரயில் டிக்கெட்டில் இருப்பதுபோல் நீளமாக இருக்கும். அறிக்கையில் அதுதான் போகும். ஆனால் மனிதர் யாராலும் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சார் பாட்டிலில் எண்ணுக்குக் கீழே தான் வைத்த பெயரையும் எழுதிவிடுவார். மயிலாப்பூரில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருப்பது 'பந்தி'. முகூர்த்த நாட்களில் அங்கே ஊறுகாய் எகிறும். தி. நகரில் ஓரத்தில் ஒற்றைப் போல்ட் மின்னுகிற மூடி 'மூக்குத்தி'. கோபாலபுரத்தில் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருப்பது 'டியூஷன்'. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கடற்கரைச் சாலையிலிருந்து மீனவர் குப்பத்துச் சந்து பிரிகிற இடத்தில் ஒரு மூடி. அதற்கு 'குப்பம்'. எல்லாப் பெயரும் எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கடைசிப் பெயர் எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

அந்த மூடிக்குப் பக்கத்தில்தான் மீன்கார அக்கா கடை போட்டிருந்தார். பெரிய குடை, பலகை, தெர்மாகோல் பெட்டி. ஒருநாள் சாருடைய பெட்டியில் இருந்த ஐஸ் பைகள் எல்லாம் போக்குவரத்து நெரிசலில் உருகிப்போய்விட்டன. பாட்டில் சூடானால் சோதனை வீண். நானும் அன்று கூடப் போயிருந்தேன். சார் கையுறையைக் கழற்றிவிட்டு அக்காவிடம் போய்க் கொஞ்சம் ஐஸ் கேட்டார்.

"இன்னா சாரு, இந்தத் தண்ணிக்கா ஐஸு? மீனுக்கே பத்தல" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே இரண்டு கை ஐஸை ஒரு கவரில் அள்ளிப் போட்டுவிட்டு, "இதுல இன்னாத்த பாக்கற?" என்று கேட்டார்.

"யாருக்காவது உடம்புக்கு வரப்போறதான்னு பாக்கறோம்மா."

"யாருக்கு?"

"அது தெரியாது."

"ஆளே தெரிலன்னா இன்னாத்துக்கு நைனா பாத்துக்கினு கீற?"

சாருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. திட்டத்தைப் பார்வையிட வருகிற பெரியவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவுக்கு 'ஐஸ் அக்கா' என்று பெயர் வைத்தார். அக்காவும் சும்மா இருக்கவில்லை, அவருக்கு 'சாக்கடை சாரு' என்று வைத்துவிட்டார். தனக்கு ஒருவர் பெயர் வைத்ததில் சாருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பெட்டி அக்கா குடை நிழலில்தான் இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு வாரம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்குகிற ஒரு வைரஸ் அந்த மூடியில் ஏறியிருந்தது. முறைப்படி மேடத்திடம் சொன்னேன். மேடம் சுகாதாரத் துறைக்குச் சொன்னார். மறுநாள் காலை சார் எனக்கு போன் செய்தார். அவர் வீட்டிலிருந்து கிளம்பி லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் கணக்கைச் சொன்னதும், "என்னம்மா சொல்றே, குப்பம் இப்படி ஏறிண்டு வரது! போன வாரத்துக்கு டபுளா?" என்றார். அவருக்கு லிஃப்டில் போன் பேசினாலே குரல் கூடிவிடும். பக்கத்தில் அதே கட்டடத்துக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் அது அவர்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. குப்பத்தில் வைரஸ் பரவுகிறதாம், நம் கட்டடத்திலேயே இருக்கிற அதிகாரி சொன்னாராம், யாரும் அங்கே மீன் வாங்க வேண்டாமாம். அங்கிருந்து பக்கத்துக் கட்டடம், அதற்குப் பக்கத்துக் கட்டடம் என்று போய்விட்டது. குப்பத்திலிருந்து வீட்டு வேலைக்கு வருகிற பெண்களைச் சிலர் "ஒரு வாரம் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். சாலையோரம் மீன் விற்கிறவர்களிடம் ஆளே போகவில்லை. மீன் என்ன, நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைக்கிற சாமானா?

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றேதான் சாரோடு போனேன். அவரைத் தனியே விட மனசு வரவில்லை. அக்காவின் பலகையில் மீன் வரிசையாக அடுக்கியபடி இருந்தது. கலையவே இல்லை. ஈ ஓட்டுவதற்கு ஒரு பனையோலை விசிறி. எங்கள் பெட்டியை வழக்கம்போல் நிழலில் வைக்கப் போனபோது அக்கா அதைக் காலால் வெயிலுக்குத் தள்ளினார்.

"ஏன் சாரு, உனுக்கு ஐஸு குட்த்தேன். நீ எங்க பொயப்புல மண்ணப் போட்டியே."

"நான் அப்படிச் சொல்லலைம்மா. அது இந்த மூடிக்கு நாங்க வெச்ச பேரு. அதைச் சொன்னேன், அவா தப்பாப் புரிஞ்சுண்டுட்டா."

"மூடிக்கா? இந்த மூடி இன்னா எங்க ஊட்லயா கீது? நடு ரோட்ல கீது. அந்தாண்ட பாரு, எம்மாம் பெரிய பெரிய பில்டிங்கு. அங்க கீறவங்கள்ளாம் கக்கூசே போறதில்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை. "நானும் அந்த பில்டிங்லதாம்மா இருக்கேன்" என்றார்.

"தெரியும். உன் ஊட்டுத் தண்ணியும் இதுலதான வருது?"

"வரது."

"அப்பறம் இன்னாத்துக்கு எங்க பேரு? உன் பேர வெச்சிக்கோயேன், யாரு வாணான்னா?"

சார் பர்ஸை எடுத்து, "ஒரு கிலோ குடுங்கோ" என்றார். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத மனிதர்.

"இன்னா மீனு?"

"எதுவா இருந்தாலும்."

"எதுவா இருந்தாலும்னு கேட்டு மீன் வாங்கற மொத ஆளு நீதான்." அக்கா சங்கரா மீனை எடுத்து நிறுத்துக் கவரில் போட்டார். "நீ ஒரு கிலோ வாங்கிட்டா எல்லாம் சரியாப்பூடுமா? போ சாரு."

அன்று ஆட்டோவில் அவர் எதற்கும் பெயர் வைக்கவில்லை. மீன் கவரை ஆட்டோவுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி வந்தார். அதை நான்தான் ராயப்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு வாங்கினது? விவரமான ஆளா இருக்கணும், நல்ல மீனா பார்த்து வாங்கியிருக்காரு" என்றார். அவ்வளவு கோபத்திலும் அக்கா நல்ல மீனாகப் பொறுக்கித்தான் போட்டிருக்கிறார். இதைச் சாரிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு பக்கத் தண்ணியும் சேர்ற இடம்னுதாம்மா அந்த மூடியை எடுத்தேன்" என்றார். "அந்தப் பக்கம் சந்து, இந்தப் பக்கம் என் பில்டிங். பேரு வெக்கணும்னப்போ என் கண்ணுக்குச் சந்து மட்டும்தான் பட்டிருக்கு பாரு."

என் கண்ணுக்கும் அந்த பில்டிங் பட்டிருக்கவில்லையே.

அடுத்த வாரம் வந்த பாட்டிலில் எண்ணுக்குக் கீழே அவருடைய பெயர் இருந்தது. சொந்தப் பெயர், முழுசாக. யாரோ பேனாவைத் தவறாக ஓட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடம் பார்த்தார். மூக்குக்கண்ணாடி தலைக்கு ஏறியது.

"மனுஷங்க பேரை சாம்பிள்ல எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"அவா சம்மதம் இல்லாம எழுதினாத்தானே மேடம் தப்பு? சம்பந்தப்பட்டவர் சம்மதிச்சுட்டார்."

"நம்பரை மட்டும் எழுதிட்டுப் போங்களேன். பேரே எதுக்கு?"

"என் வாய் எனக்குத் தெரியும் மேடம். நம்பர் அதுல தங்காது. என்ன பேரு வெச்சாலும் லிஃப்ட்ல போய்ச் சொல்லிடும். சொல்றதுதான் சொல்றது, என் பேராவே இருந்துட்டுப் போகட்டும்."

மேடத்தின் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "புயல் கரை கடந்துடுத்தும்மா" என்று சார் என் காதில் சொன்னார். பெயர் வைக்கிற புத்தி திரும்பிவிட்டதில் எனக்கு நிம்மதி.

வீட்டில்தான் பெரிய புயல். அவர் மனைவி, "ஏன்னா, அது உங்க தாத்தா பேருன்னா! அதைப் போய்ச் சாக்கடைக்கு வெச்சிருக்கேளே!" என்று அழவே ஆரம்பித்துவிட்டாராம். "தாத்தாவும் ரெண்டு வேளை சாப்பிட்டுண்டுதானேடி இருந்தார்" என்று சார் சமாதானம் சொன்னாராம்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அவருடைய அம்மா கடைசிவரை அவரை 'அம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அம்மாவைப் பார்த்து வீடே அம்பி. கல்யாணம் ஆனதும் 'ஏன்னா'. ஆபீஸில் 'சார்'. "எனக்குன்னு வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமப் போயிடுத்தும்மா" என்று சிரித்தார். ஊரில் இருக்கிறதற்கெல்லாம் அவர் ஓடி ஓடிப் பெயர் வைத்தது ஏன் என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

மேடத்திடம் அனுமதி வாங்கி, தன் கட்டடத்து லிஃப்டில் தானே ஒரு காகிதம் ஒட்டினார். நம் கட்டடமும் சேர்ந்த கழிவுநீர்க் குழாயில் வயிற்றுப்போக்கு வைரஸ் கூடியிருக்கிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குப்பத்தின் மேல் பழி விழுந்தது என் தவறான பேச்சால்தான் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்து. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கொதித்துப்போய்க் கூட்டம் போட்டுவிட்டார்.

"நம்ம பில்டிங்னு நீங்களே எழுதி ஒட்டலாமா? வைரஸ் அவங்களுக்கா நமக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல."

சார் ஊறுகாயைப் பற்றி எடுத்துச் சொன்னாராம். "குப்பத்து மொளகாயும் உங்காத்து மொளகாயும் ஒரே பாட்டில்லதான் வரது. எது யாரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல இன்னும் மிஷின் வரலை. அவாளுக்குன்னு தனியா, நமக்குன்னு தனியா இதுல கிடையாது சார். எல்லாருமே நாமதான்."

கைதட்டல் எதுவும் இல்லை. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் செயலாளர் வீட்டிலேயே இரண்டு பேர் நாலு நாளாக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்பதை அவர் மனைவி அதே கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு பேச்சு மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது பக்கம் திரும்பியது.

அக்காவிடம் ஆட்கள் மெதுவாகத்தான் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை. இத்தனை பேசியும் அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் எங்கள் பெட்டி மறுபடி குடை நிழலுக்குப் போனது. சார் பாட்டிலைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டியிருக்கிறார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். படித்து முடித்து, "அடப்பாவி, மெய்யாலுமே வெச்சிக்கினியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் தலை தெரிந்ததும், "சாரு, நீ ஏறிக்கீறியா எறங்கிக்கீறியா?" என்று கேட்பார். சாரும் போன வாரக் கணக்கைச் சொல்வார்.

இப்போது சார் ஓய்வுபெற்றுப் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே பால் குக்கருக்கும் பேத்தியின் சைக்கிளுக்கும் பெயர் வைத்தாயிற்று. இங்கே மேடம் எல்லா மூடிகளுக்கும் எண்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தார். பந்தியும் மூக்குத்தியும் மெல்ல மெல்ல உதிர்ந்துபோயின. அந்த ஒரு பெயர் மட்டும் போகவில்லை. "ஜோசியர் என்ன சொல்றார்?" என்று மேடமே கேட்கிறார். நான் அந்தப் பெயரைச் சொல்லி, "இறங்கிட்டார் மேடம்" என்கிறேன்.

பாட்டிலைப் பார்த்தால் வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வரவில்லை. வயதில் பெரியவர். அவர் அம்மா சொல்லாத பெயரை நான் எப்படி எழுதுவது?

இந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டில் எடுக்க நானே போயிருந்தேன். அக்கா பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டே, "இன்னாம்மா, சாரு எப்படி கீறாரு?" என்று கேட்டார். அவர் கேட்டது மூடியையா ஆளையா என்று தெரியவில்லை.

"நல்லா இறங்கிட்டார் அக்கா. ஒண்ணுமே இல்லை போன வாரம்."

"அப்ப பெங்களூருக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிடு. கவலப்பட்டுக்கினே குந்திக்கினு இருப்பாரு."

அங்கேயே நின்று போன் போட்டேன். சார் எடுத்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "சார்" என்று ஆரம்பிக்காமல் அவர் பெயரைச் சொன்னேன், பாட்டிலில் இருக்கிறபடி, முழுசாக.

"யாரு, ரிசல்ட்டா?" என்றார். "இன்னொரு தடவை சொல்லும்மா."